ரெக்ஸினில் ஜீன்ஸ் நீலம், துணி சீட்டில் காபித் திட்டு: சீட்டைக் கெடுக்காமல் எடுப்பது எப்படி?

கேள்வியை முதலில் ஒருமுறை திரும்பச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்குள் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். முன் சீட்டின் ஓரத்தில் இருக்கும் வெளிர் சாம்பல் ரெக்ஸினில் ஜீன்ஸ் நீலம் ஏறியிருக்கிறது. பின் சீட்டின் துணியில் முந்தைய உரிமையாளர் பால் காபி கொட்டிய திட்டு இருக்கிறது. துடைத்தால் போகிறது, மறுநாள் காலையில் முன்பைவிடப் பெரிய வளையமாகத் திரும்ப வருகிறது, மழை நாளில் வாடையும் அடிக்கிறது. ஒருவர் பெட்ரோலில் துடைக்கச் சொன்னார், இன்னொருவர் பற்பசை என்றார், மூன்றாமவர் வினிகரையும் சமையல் சோடாவையும் கலந்து ஊற்றச் சொன்னார். எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் புரிந்த வரை, கறை போகுமா என்பதைவிட, அதை எடுக்கப்போய் சீட்டையே கெடுத்துக்கொள்வோமோ என்ற பயம்தான் கேள்விக்குள் இருக்கிறது. நியாயமான பயம்.

14 வருடங்களாகக் கார் உட்புறத்தைச் சுத்தம் செய்வதுதான் என் வேலை. முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, ஒரே காருக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் ரெக்ஸினும் துணியும் நேர்மாறான குணம் கொண்டவை. ரெக்ஸின் மேலே படும் தண்ணீரைப் பற்றிக் கவலைப்படாது, ஆனால் பெட்ரோல், தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் மாதிரியான கரைப்பான்களையும் அழுத்தித் தேய்ப்பதையும் தாங்காது. துணி கொஞ்சம் தேய்ப்பைத் தாங்கும், ஆனால் உள்ளே இறங்கித் தங்கும் தண்ணீர் அதற்கு ஆகாது. நீங்கள் கேட்ட யோசனைகளில் பாதி ஏன் தப்பு என்பது இதிலேயே தெரிந்துவிடும். அவை எல்லாம் கறையை மட்டும் பார்த்துச் சொன்னவை, கறை எதன் மேல் இருக்கிறது என்று பார்த்துச் சொன்னவை இல்லை.

ரெக்ஸின் என்று நாம் சொல்வது பெரும்பாலும் பிவிசி. தண்ணீர்க் குழாய் செய்கிற அதே பிளாஸ்டிக்தான். தனியாக இருந்தால் குழாய் மாதிரி விறைப்பாக இருக்கும், அதை மடங்கும்படி மெத்தென்று ஆக்குவதற்காக இளக்கி என்ற எண்ணெய் மாதிரியான பொருளைக் கலக்கிறார்கள். அதற்கு மேலே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பாலியூரித்தேன் பூச்சு ஒன்று இருக்கும். கறை உள்ளே இறங்காமல் தடுப்பதும், அந்த மங்கலான சீரான பளபளப்பைத் தருவதும் அதுதான். பெட்ரோலோ தின்னரோ பட்டால் முதலில் இந்தப் பூச்சு போகும், அடுத்து இளக்கி வெளியே வரும். அன்றைக்குப் பார்த்தால் பளிச்சென்று இருக்கும். சில மாதங்களில் அந்த இடம் மட்டும் விறைத்து, மடிப்பு விழும் இடத்தில் வெடிக்கும். தொழிலுக்கு வந்த முதல் வருடம் ஒரு கதவின் வெளிர் பழுப்பு ரெக்ஸினில் இருந்த பால்பாயிண்ட் பேனாக் கோட்டைத் தின்னர் தொட்ட பஞ்சால் துடைத்தேன். ஐந்து விநாடியில் கோடு போய்விட்டது. பஞ்சைத் திருப்பிப் பார்த்தால் பேனா நீலத்தோடு கதவின் பழுப்பும் அதில் இருந்தது. ஈரமாக இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை, காய்ந்ததும் உள்ளங்கை அளவுக்கு வெளுத்த திட்டு, பக்கவாட்டில் வெளிச்சம் பட்டால் தூரத்திலிருந்தே தெரிந்தது. அதைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை, என் செலவில் கதவுக்கு நிறப்பூச்சு போட்டுக் கொடுத்தேன். அன்றிலிருந்து துடைக்கும் துணியை ஒவ்வொரு தடவையும் திருப்பிப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது, உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன்.

பெட்ரோலுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. அதன் ஆவி காற்றைவிடக் கனம், காரின் தரையில் போய்த் தேங்கும். சீட் துணியில் உரசி வரும் நிலைமின்சாரப் பொறி ஒன்று போதும். அதனால் காருக்குள் பெட்ரோல் வேண்டவே வேண்டாம். பற்பசையும், மேஜிக் ஸ்பாஞ்ச் என்று விற்கும் வெள்ளை மெலமைன் ஸ்பாஞ்சும் ரசாயனத்தால் சுத்தம் செய்பவை இல்லை, மிக நுண்ணிய உப்புத்தாள் மாதிரி மேல்பரப்பைச் சுரண்டுபவை. கறையோடு பூச்சும் கொஞ்சம் போகும், பூச்சு போன இடத்தில் அடுத்த கறை இன்னும் சுலபமாக ஏறும்.

சரி, நீலத்துக்கு வருவோம். ஜீன்ஸ் சாயம் ரெக்ஸினின் மேலே ஒட்டிக்கொண்டிருப்பதோடு நிற்பதில்லை. நாளாக ஆக, சூடு ஏற ஏற, அந்த இளக்கிக்குள் கரைந்து உள்ளே போகிறது. அதனால் கறைக்கு எத்தனை வயது என்பதுதான் எவ்வளவு போகும் என்பதைத் தீர்மானிக்கும். காரை நிழலில் நிறுத்தி, ரெக்ஸின் கைக்குக் குளிர்ச்சியாக ஆனபிறகு தொடங்குங்கள். வெயிலில் நின்ற காரின் டேஷ்போர்டு 70 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போகக்கூடியது, அந்தச் சூட்டில் எதைப் போட்டாலும் துடைப்பதற்குள் காய்ந்து தானே ஒரு கறையாகிவிடும். முதலில் வேக்குவம் போட்டு மணலையும் தூசியையும் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் துடைக்கிற துணியே அவற்றை இழுத்துக் கீறும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு போதும். மென்மையான பிரஷ்ஷை அதில் தொட்டு, நுரையோடு வட்டமாக, கனமில்லாமல் தேயுங்கள். ரெக்ஸினின் பதிந்த வரிகளுக்குள் இருக்கும் அழுக்கை வெளியே கொண்டுவருவது பிரஷ்ஷின் நுனிதான், கையின் பலம் இல்லை. நுரை காய்வதற்குள் ஈரத் துணியால் துடைத்து, காய்ந்த வெள்ளை மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்து, துணியைத் திருப்பிப் பாருங்கள். நீலம் வருகிறது என்றால் வேலை நடக்கிறது, இன்னொரு முறை செய்யுங்கள். துணி சுத்தமாக வருகிறது, ஆனால் சீட்டில் நீலம் இருக்கிறது என்றால் மிச்சமிருப்பது உள்ளே இறங்கியது. அதற்குமேல் சோப்பு உதவாது.

அந்தக் கட்டத்தில் நான் எடுப்பது 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், அதிலும் சம அளவு தண்ணீர் சேர்த்து. சீட்டின் அடிப்பக்கம், யார் கண்ணிலும் படாத இடத்தில் முதலில் தொட்டுப் பார்த்து 10 நிமிடம் காத்திருங்கள். நிறம் மாறவில்லை, பிசுபிசுப்பு வரவில்லை என்றால் கறைக்குப் போகலாம். சீட்டின் மேல் நேராகத் தெளிக்காமல் துணியில் தெளித்து, ஐந்தாறு விநாடி துடைத்து, உடனே தண்ணீர்த் துணியால் துடைத்துவிடுங்கள். இரண்டு மூன்று தடவை, அவ்வளவுதான். துணியில் நீலத்துக்குப் பதிலாகச் சாம்பல் வர ஆரம்பித்தால் அந்த நொடியே நிறுத்திவிடுங்கள், அது சீட்டின் சொந்த நிறம். எவ்வளவு போகும் என்று கேட்டால், போன வாரம் ஏறிய நீலம் ஏறக்குறைய முழுதாகப் போகும், இதைத் தைரியமாகச் சொல்வேன். இரண்டு மூன்று கோடைகள் பார்த்த நீலம் வெளுக்கும், ஆனால் ஒரு நிழல் தங்கிவிடும் என்று எதிர்பாருங்கள். அந்த நிழலைத் துரத்திக்கொண்டு போவதில்தான் பலரும் சீட்டைக் கெடுத்துக்கொள்கிறார்கள். கண்ணை உறுத்தினால் ரெக்ஸினுக்கென்றே இருக்கும் நிறப்பூச்சை அதைச் செய்து பழகியவரிடம் போட்டுக்கொள்ளலாம். சாதாரண ஸ்ப்ரே பெயின்ட் அடித்தால் மடியும் இடத்தில் உரிந்து வரும்.

இடையில் ஒரு விஷயம். அழுக்கு மாதிரியே இருக்கும், ஆனால் மேலே எதைப் போட்டாலும் போகாத கறைகள் இரண்டு உண்டு. கருப்பு ரப்பர் பொருள் எதையாவது வெளிர் ரெக்ஸின் மேல் மாதக்கணக்கில் வைத்திருந்தால் மஞ்சள் பழுப்பு நிறத்தில் அதன் அச்சு விழும். ரப்பர் வெடிக்காமல் இருக்க அதில் சேர்க்கும் பொருள்கள் ரெக்ஸினுக்குள் கசிந்து நிறம் மாறுவதால் வருவது அது. இன்னொன்று, ஈரம் தங்கிய சீட்டில் தெரியும் ரோஜா நிறத் திட்டு. படகு இருக்கைகளில் அதிகம் பார்க்கலாம். அடியில் இருக்கும் துணியிலோ ஸ்பாஞ்சிலோ வளரும் நுண்ணுயிரியின் நிறமி இளக்கி வழியாக மேலே ஊறி வருகிறது, அதாவது கறை பின்னாலிருந்து வருகிறது. முன்னால் எவ்வளவு தேய்த்தும் பயனில்லை. உங்களுடையது வெறும் நீலம் என்பதால் இந்தக் கவலை உங்களுக்கு இல்லை.

இனி துணி. இதில்தான் உங்களுக்கு அதிகம் வேலை இருக்கிறது, ஏனென்றால் நீங்கள் துடைத்துக்கொண்டிருப்பது கறையின் மேல்நுனியை மட்டும். கார் சீட் துணி பெரும்பாலும் பாலியஸ்டர், அதன் முதுகில் மெல்லிய ஸ்பாஞ்ச் ஒட்டியிருக்கும், அதற்குக் கீழே தடிமனான மெத்தை. ஒரு கப் காபி கொட்டினால் துணியில் நிற்பது கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் அடுத்த சில நிமிடங்களில் கீழே இறங்கிவிடும். பிறகு யாராவது ஈரத் துணியால் மேலே துடைக்கிறார்கள். மேலே சுத்தம். ஆனால் அந்தத் தண்ணீர் உள்ளே போய்க் காய்ந்து கிடக்கும் பாலையும் சர்க்கரையையும் காபியையும் கரைக்கிறது. சீட் காய்வது மேல்பக்கமாகத்தான், ஆகவே தண்ணீர் கரைத்ததையெல்லாம் தூக்கிக்கொண்டு விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல மேலே ஏறி வருகிறது, ஈரம் முடிகிற ஓரத்தில் வேகமாகக் காய்ந்து எல்லாவற்றையும் அங்கே இறக்கிவைத்துவிடுகிறது. நீங்கள் பார்க்கும் வளையம் இதுதான். அடுத்த முறை இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டுத் துடைக்கிறீர்கள், ஓரம் இன்னும் தள்ளிப்போகிறது, வளையம் பெரிதாகிறது.

அடியில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்ளச் சின்னச் சோதனை இருக்கிறது. கறையின் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்து, வெள்ளைத் துணியை நான்காக மடித்து வைத்து, அதன் மேல் தண்ணீர் நிரப்பிய பாட்டில் நான்கைந்தை நிறுத்திவைத்து 10 நிமிடம் விடுங்கள். எடுத்துப் பார்த்தால் துணியில் பழுப்பு வட்டம் விழுந்திருக்கும். வெளிர் மஞ்சள் என்றால் நல்லது, காபி நிறமே வந்தால் மெத்தைக்குள் நிறைய இருக்கிறது.

பால் புரதமும் கொழுப்பும் கலந்தது. அதற்குச் சோப்பைவிட என்சைம் கிளீனர் பொருத்தம். புரதத்தையும் கொழுப்பையும் சிறு துண்டுகளாக வெட்டிக் கரைய வைப்பது அதன் வேலை. கொதிநீரோ ஸ்டீமரோ வேண்டாம், சூட்டில் பால் புரதம் இறுகி இழையோடு பிடித்துக்கொள்ளும், என்சைமும் கெட்டுவிடும். 40 டிகிரிக்கு மேல் போகாத வெதுவெதுப்பு போதும். என்சைமுக்கு நேரமும் ஈரமும் வேண்டும், தெளித்த உடனே துடைத்தால் ஒன்றும் நடக்காது. பாட்டிலில் சொல்லியிருக்கும் நேரம் வரை, பெரும்பாலும் 15 நிமிடமாவது, காயாமல் விட்டுவிடுங்கள். இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது: பால் போன ஆழம் வரை கிளீனரும் போக வேண்டும், ஆனால் மெத்தை ஊறவும் கூடாது. நான் வைத்திருக்கும் அளவுகோல், உறிஞ்சி வெளியே எடுக்க முடிகிற அளவுக்குத்தான் ஈரம். ஈரம் உறிஞ்சும் வேக்குவம், அதாவது தண்ணீரையும் இழுக்கும் வகை, ஒருநாள் வாடகைக்காவது கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வேலையில் எந்தக் கிளீனரையும்விட அதுதான் முக்கியம். தெளித்து, காத்திருந்து, உறிஞ்சி, பிறகு வெறும் தண்ணீர் தெளித்து உறிஞ்சி, டப்பாவில் சேரும் தண்ணீர் கலங்கல் இல்லாமல் வரும் வரை திரும்பச் செய்யுங்கள். கிளீனர் மிச்சம் துணியில் தங்கினால் பிசுபிசுப்பாகி அடுத்த மாதமே தூசியைப் பிடித்துக் கறுக்கும், அதனால் இந்த அலசலில் சோம்பல் கூடாது. கடைசியில் கறை இருந்த இடத்தோடு நிறுத்தாமல், இந்தத் தையலிலிருந்து அடுத்த தையல் வரை அந்தத் துண்டு முழுவதையும் சீராக லேசாக ஈரப்படுத்தி உறிஞ்சுங்கள். ஈரத்துக்கு நடுவில் ஓரம் இருக்காது, வளையமும் விழ இடமிருக்காது.

அப்புறம் காயவைப்பது. ஒரு வெள்ளைப் பருத்தித் துண்டைக் கறை இருந்த இடத்தின் மேல் விரித்து, தட்டையாக ஏதாவது கனம் வைத்து இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். கடைசியாக மேலே ஏறி வருவது துணியில் நிற்காமல் துண்டுக்குப் போய்விடும். எடுத்துப் பார்க்கும்போது துண்டின் அடிப்பக்கம் பழுப்பேறியிருப்பதைப் பார்த்தால் ஏன் சொன்னேன் என்று புரியும். பிறகு துண்டை எடுத்துவிட்டு, கதவுகளைத் திறந்து, ஃபேன் காற்று நேராகப் படும்படி வையுங்கள். மெத்தை ஒரு நாளுக்குள் காய வேண்டும். இரண்டு நாளைத் தாண்டி ஈரம் நின்றால் பூஞ்சணம் பிடித்து, பால் வாடைக்குப் பதிலாக மட்கிய வாடை வரும், அது இன்னும் மோசம்.

எல்லாம் முடிந்து வாடை போன பிறகும் லேசான பழுப்பு நின்றால் அது காபியின் சாயம். வெள்ளை வினிகர் ஒரு பங்குக்குத் தண்ணீர் இரண்டு பங்கு கலந்து ஒற்றி எடுக்கலாம். அதற்கும் அசையாவிட்டால் வெளிர் நிறத் துணியில் மட்டும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, அதுவும் மறைவான இடத்தில் சோதித்த பிறகு. அடர் நிறத் துணியை அது வெளுத்துவிடலாம். இரண்டையும் கலக்கவோ ஒன்றின் ஈரத்தில் இன்னொன்றைப் போடவோ கூடாது, சேர்ந்தால் கண்ணையும் மூச்சையும் அரிக்கும் அமிலம் உருவாகும். நடுவில் தண்ணீரால் அலசி உறிஞ்சிவிடுங்கள். வினிகரும் சமையல் சோடாவும் சேர்ந்த கலவையால் ஆபத்து இல்லை, பயனும் இல்லை: ஒன்று அமிலம், ஒன்று காரம், பொங்கி முடிந்ததும் மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர். காய்ந்த சீட்டில் சோடாவைத் தனியாகத் தூவி இரவு முழுவதும் விட்டு வேக்குவம் போட்டால் மேலோட்டமான வாடை குறையும், மெத்தைக்குள் இருக்கும் வாடையை அது எட்டாது.

மழை நாளில் வாடை என்று எழுதியிருந்தீர்கள், அதை நான் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கிறேன். காற்றில் ஈரம் ஏறினால் காய்ந்த பால் திரும்ப வாடை அடிப்பது உண்மைதான், ஆனால் மழைத் தண்ணீர் உள்ளே வருவதாகவும் இருக்கலாம். காரின் தரை விரிப்புகளை (மேட்) எல்லாம் எடுத்துவிட்டு, கார்ப்பெட்டை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள், அடியில் ஈரம் இருந்தால் மேலே காய்ந்திருந்தாலும் அழுத்தும்போது குளிர்ச்சி தெரியும். மழையில்லாத நாளிலும் முன்பக்கத் தரை ஈரமாக இருந்தால் ஏசியின் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கலாம், மழைக்குப் பிறகு மட்டும் என்றால் கதவு ரப்பரைப் பாருங்கள். அது சரியாகாமல் சீட்டை எத்தனை முறை கழுவினாலும் வாடை போகாது. தரை காய்ந்திருந்து, மேலே சொன்னதை இரண்டு முறை ஒழுங்காகச் செய்தும் வாடை நின்றால், சீட் உறையைக் கழற்றி மெத்தையைத் தனியாகக் கழுவவோ மாற்றவோ வேண்டிய நிலை என்று அர்த்தம். முந்தைய உரிமையாளர் ஏற்கனவே ஸ்டீம் அடித்திருந்தால் அதற்கு வாய்ப்பு அதிகம்.

சீட் கழுவும்போது சில இடங்களில் கை வைக்கக் கூடாது. சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் என்று சிறு அட்டை தைத்திருந்தால் அந்தப் பக்கத்தை ஊறவைக்காதீர்கள். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற கனெக்டர் தெரிந்தால் அது ஏர்பேக் வயர், கழற்றாதீர்கள், அதன் மேல் தண்ணீரும் விடாதீர்கள். முன் பயணி சீட்டுக்குள் ஆள் உட்கார்ந்திருப்பதை உணரும் சென்சார் இருப்பது சகஜம், சீட் ஹீட்டரும் இருக்கலாம். உறையைக் கழற்றுவதற்கு முன் காரின் கையேட்டைப் பாருங்கள். சீட் பெல்ட்டுக்கு வெதுவெதுப்பான தண்ணீரும் மிதமான சோப்பும் மட்டும்தான், பிளீச்சும் சாயமும் அதன் இழையை வலுவிழக்கச் செய்யும், முழுதாகக் காயும் வரை அதை உள்ளே சுருள விடாதீர்கள். கூரைத் துணி மெல்லிய ஸ்பாஞ்சின் மேல் பசையால் ஒட்டியது, நனைத்தால் பசை விட்டுத் தொங்கிவிடும். அங்கே பிழிந்த துணியால் ஒற்றுவதற்கு மேல் எதுவும் வேண்டாம். பிளீச்சை அமோனியா கலந்த கண்ணாடி கிளீனரோடோ வினிகரோடோ காருக்குள் சேர்த்துப் பயன்படுத்தவே கூடாது, வருவது நச்சு வாயு, அடைத்த இடத்தில் அது உயிருக்கே ஆபத்து.

மற்ற கறைகளைப் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். துணியில் எண்ணெய்ப் பிசுக்கு என்றால் முதலில் சோள மாவைத் தூவி உறிஞ்சவிட்டு, பிறகு பாத்திரம் கழுவும் திரவம். ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர். சூயிங்கத்தின் மேல் ஐஸ் வைத்து இறுகியதும் உடைத்து எடுங்கள். பேனா மைக்கு ஆல்கஹால், ஆனால் ரெக்ஸினில் அன்றைக்கே செய்தால்தான் உண்டு.

நீலம் எடுத்த பிறகு அந்த ரெக்ஸினில் எண்ணெய் மாதிரி மினுக்கும் சிலிகான் பாலிஷ் பூசாதீர்கள், தூசியைப் பிடிப்பதோடு, கை தவறி ஸ்டியரிங்கிலோ பெடலிலோ பட்டால் வழுக்கும். வெயிலுக்குப் பாதுகாப்பாக வேண்டுமானால் புறஊதாக் கதிரைத் தடுக்கும், மினுக்காத வகையைப் பாருங்கள். புது ஜீன்ஸ் முதல் சில தடவை துவைக்கும் வரை சீட்டில் ஒரு துண்டை விரித்து உட்காருங்கள்.

எதையும் வாங்குவதற்கு முன், அந்த வெள்ளைத் துணிச் சோதனையையும் தரை விரிப்புக்கடியில் அழுத்திப் பார்ப்பதையும் செய்துவிட்டு, துணியில் என்ன நிறம் வந்தது, தரை எந்தப் பக்கம் ஈரமாக இருந்தது என்று இதன் கீழேயே எழுதுங்கள். சீட்டைக் கழற்றாமல் முடியுமா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.